திரும்ப ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்: ஓடும் வண்டியில் பிக்கப் போனால் செய்யக் கூடாதவை

ஒரு மே மாத மதியம். அக்கா குடும்பத்தோடு தர்மபுரியில் இருந்து ஓசூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏற்றத்தில் வண்டி ஏறும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை வரவில்லை. மீட்டரைப் பார்த்தேன். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்ஜியத்தில் கிடக்கிறது. பின்னால் லாரியின் ஹாரன். எப்படியோ இடது ஓரம் ஒதுக்கி நிறுத்தினேன். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. "வெயிலுக்கு அப்படித்தான் ஆகும், விடு தம்பி" என்றார் மாமா. நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மாதத்துக்குள் அதே மாதிரி இரண்டு தடவை ஆனது. இரண்டாவது தடவை தொப்பூர் கணவாயில், இருட்டும் நேரத்தில், சேலம் பக்கம் இறங்கும்போது. முன்னாலும் பின்னாலும் லோடு லாரிகள். அந்த ஒரு நிமிடத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. மேலுமலையில் நின்றபோதே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தால் தொப்பூரில் அந்த நிலைமை வந்திருக்காது. நம் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் பலரிடம் இதே தவறைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்ஜின் திரும்ப ஸ்டார்ட் ஆனால் கோளாறு சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பல பாகங்கள் சூடானால் செயலிழக்கும், ஆறினால் வேலை செய்யும். இன்ஜின் சுற்றுவதைக் கவனித்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் ஷாஃப்ட் சென்சார் அப்படித்தான். பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் மோட்டார் எல்லாமே அப்படிச் செய்யக்கூடியவை. ஊருக்குள் மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போய் வரும்போது இன்ஜினுக்கு பளு இல்லை, அதனால் குறை தெரியாது. கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் போகிற பாதை மொத்தத்தில் மேடேறிக்கொண்டே போகும் பாதை. ஐந்து பேர், ஏசி, நடுப்பகல் வெயில், ஏற்றம் எல்லாம் சேரும்போது, மாதக் கணக்கில் ஒளிந்திருந்த கோளாறு அங்கேதான் வெளியே வரும்.

முதல் பத்து வினாடி

இழுவை போனதும் பதற்றத்தில் செய்கிற காரியங்கள்தான் கோளாறைவிட ஆபத்து. முதலாவது, ஓடும்போதே சாவியை முழுதாகப் பின்னால் திருப்பி எடுப்பது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். சாவி ஆன் நிலையிலேயே இருக்கட்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பதறிப்போய்ப் பட்டனை விடாமல் அழுத்தினால், பாதி உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினும் ஆஃப் ஆகிவிடலாம்.

இரண்டாவது, பிரேக்கைப் பம்ப் அடிப்பது. இது பழைய வண்டிக் காலத்துப் பழக்கம். இப்போதைய கார்களில் பிரேக் லேசாக இருப்பதற்குக் காரணம், நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம். இன்ஜின் நின்றால் அது புதிதாக உருவாகாது, மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து, பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அப்போதும் பிரேக் வேலை செய்யும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். இது தெரியாதவர்கள் "பிரேக்கும் போச்சு" என்று நினைத்துக் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவே கூடாது. ஒரே மிதியாக, சீராக, அழுத்திப் பிடியுங்கள். ஸ்டீயரிங்கும் கனமாகலாம், பூட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும்.

மூன்றாவதுதான் தொப்பூருக்கென்றே சொல்ல வேண்டியது. இறக்கத்தில் இன்ஜின் நின்றதும் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுவது. கியரில் விட்டு, கிளட்ச்சில் இருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்ற வைக்கும். அதனால் வேகம் கட்டுப்படும், பிரேக் பூஸ்டருக்கும் உதவி கிடைக்கும். நியூட்ரலுக்குத் தள்ளினால் இரண்டையும் இழந்து, தன் எடையில் ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பீர்கள். சமதளத்தில் கதை வேறு. அங்கே நியூட்ரலில் போட்டால்தான் வண்டி கொஞ்ச தூரம் உருண்டு ஓரத்துக்குப் போகும்.

இதோடு சேர்த்து ஒன்று. டீசல் மிச்சமாகும் என்று தொப்பூரில் வேண்டுமென்றே நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் அநேகமாக முழுதாக வெட்டப்படும். நியூட்ரலில்தான் ஐடிலிங் ஓடுவதற்குச் செலவாகும். மிச்சம் என்று நினைத்துச் செய்வது அங்கே செலவு, அதுவும் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் உயிருக்கு விலை வைக்கிற செலவு.

ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம், சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். ஹசார்ட் விளக்கு, பின்னால் 50 மீட்டராவது தள்ளி எச்சரிக்கை முக்கோணம், வளைவு என்றால் வளைவுக்கு முன்னாலேயே. பிறகு எல்லாரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். குழந்தைகளை ஏசிக்காக வண்டிக்குள்ளேயே உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

பட்டறைக்குப் போகும் முன்பே செய்யும் தவறுகள்

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் பேட்டரி கம்பியைக் கழற்றி மாட்டினால் அணைந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அணையும். கூடவே கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்த எரர் கோடும் (கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்), கோளாறு வந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, சூடு என்ன, வேகம் என்ன என்ற விவரமும் அழிந்துபோகும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அந்த விவரம்தான் ஒரே சாட்சி. கம்பியைத் தொடாதீர்கள். கூட இருப்பவரிடம் சொல்லி மீட்டர் போர்டை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் வண்டியில் அந்த விளக்கு நிலையாக எரியாமல் மினுக் மினுக் என்று மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று பொருள். "வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதன் உள்பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் புகை வெளியேற வழி இல்லாமல் இழுவை மொத்தமாகப் போகும். ஒரு காயிலோடு முடிய வேண்டிய வேலை பல மடங்கு செலவில் போய் நிற்கும்.

மெக்கானிக்கிடம் "வண்டி இழுக்கல" என்று மட்டும் சொல்வதும் தவறுதான். அந்த ஒரு வார்த்தைக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு நோய் இருக்கிறது. ஆர்பிஎம் ஏறுகிறது ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப், இன்ஜினைக் குறை சொல்லக் கூடாது. ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல் ஏறவே மறுக்கிறது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிறது என்றால், ஏதோ கோளாறைப் பார்த்து இன்ஜின் தன்னையே காப்பாற்றிக்கொள்ள, பலத்தைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போயிருக்கலாம். மிதித்தால் புஸ் என்ற சத்தமும் கரும்புகையும் வந்தால் டர்போவில் இருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கலாம். ஓடும்போதே முள் சட்டென்று விழுந்தால் கிராங்க் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும்.

எந்த இடம், ஏற்றமா இறக்கமா, ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரம், டேங்கில் எவ்வளவு இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஊகத்தில் பாகம் மாற்றுவது

என் வண்டியை முதலில் கொண்டுபோன இடத்தில் பம்ப் என்றார்கள், மாற்றினேன். பிறகு ஃபில்டர் என்றார்கள், அதையும் மாற்றினேன். பணம் போனது, கோளாறு போகவில்லை. எரர் கோடு வருவது ஒரு சர்க்யூட்டில் பிரச்சினை என்று சொல்வதற்கு. அந்தப் பாகம்தான் கெட்டது என்று அது சொல்லாது. ஒயர் எலி கடித்திருக்கலாம், கனெக்டர் பச்சை பிடித்திருக்கலாம். தோட்டத்து வீட்டில், புளி மூட்டைக்கும் தவிட்டு மூட்டைக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியை முதலில் சந்தேகப்படலாம்.

கடைசியில் தர்மபுரியில் ஒரு பெரியவர் கண்டுபிடித்தார். வண்டியை ஏசி போட்டு முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். இன்ஜின் தானாக அணைந்தது. ஸ்டார்ட் அடித்துப் பார்த்தார், எடுக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, கீழே குனிந்து, கிராங்க் சென்சார் மேல் மட்டும் மெல்ல ஊற்றினார். உஸ் என்று ஆவி வந்தது. இரண்டு நிமிடம் பொறுத்து "இப்ப அடிங்க" என்றார். ஒரே அடியில் ஸ்டார்ட்.

டீசல் வண்டிக்காரர்களுக்கும் இதே போல ஒரு எளிய சோதனை உண்டு. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும், மேலே டீசல். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு மீட்டரில் எரிந்தும் ஓட்டிக்கொண்டிருந்தால், விலை அதிகமான இன்ஜெக்டர்களும் ஹை பிரஷர் பம்ப்பும் கெடும். ஃபில்டர் வாங்கும்போது பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று போலியை வாங்குவது இதைவிட மோசம். பார்க்க அச்சு அசலாக இருக்கும், உள்ளே காகிதம் தண்ணீரையும் பிரிக்காது, தூசியையும் பிடிக்காது.

பெட்ரோல் வண்டியில் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்புக்குக் குளிர்ச்சி கொடுப்பதே பெட்ரோல்தான். குறைவாக இருந்தால் பம்ப் காயும், வளைவிலும் ஏற்றத்திலும் காற்றை இழுத்து வண்டி திணறும்.

பைக்குகளில் பாதி நேரம் கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச்சில் சேறு, கில் சுவிட்ச் தளர்வு, பிளக் கேப் தளர்வு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மண் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

கம்பெனியின் குறையை நம் குறை என்று நினைப்பது

இது யாருமே அதிகம் பேசாதது. சில நேரம் பாகமே தயாரிப்பில் குறையோடு வந்திருக்கும். 2014இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இக்னிஷன் சுவிட்ச்சுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலே சாவி ஆன் நிலையில் இருந்து நழுவி, ஓடும்போதே இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் செயலிழந்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 உயிரிழப்புகளுக்கு அது காரணம் என்று ஏற்றுக்கொண்டது. சாவியோடு வீட்டுச் சாவி, கடைச் சாவி, பெரிய பொம்மை எல்லாம் கோத்துத் தொங்கவிடுவதை அன்றே நான் நிறுத்திவிட்டேன்.

நம் நாட்டிலும் நடக்கிறது. 2024 மார்ச்சில் மாருதி சுசுகி 2019இல் தயாரான 11,851 பலேனோ, 4,190 வேகன் ஆர் கார்களை ஃபியூயல் பம்ப் மோட்டார் குறைக்காகத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹோண்டா 90,468 பழைய கார்களுக்கு ஃபியூயல் பம்ப் மாற்றித் தருவதாக அறிவித்தது. இரண்டிலும் அவர்களே சொன்ன காரணம், இன்ஜின் நின்றுபோகலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பதுதான். மாற்றித் தருவது இலவசம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தருகிறது.

நம் பக்கம் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரியில் பலர் பெங்களூரில் இருந்து பழைய வண்டி வாங்கி வருகிறோம். திரும்ப அழைக்கும் கடிதமும் போன் அழைப்பும் முதல் உரிமையாளருக்கே போய், நமக்கு வராமல் போகலாம். ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்து சேஸிஸ் எண்ணை எடுத்து, கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கை மாறி வந்த வண்டி என்றாலும் அந்த இலவச மாற்றம் உங்களுக்கு உண்டு.

கடைசியாக ஒன்று, பட்டறையில் நின்ற இடத்தில் ஐடிலிங் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்து வருவது. நிழலில், பளு இல்லாமல் ஓடுகிற வண்டி எப்படி ஓடினாலும் நம்ப முடியாது. சென்சார் மாற்றியதும் அந்தப் பெரியவரே சொன்னார், "எங்க நின்னுச்சோ அங்கயே போய்ப் பாத்துட்டு வாங்க, பணம் அப்புறம் குடுங்க." மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு, ஏசி போட்டு, வழியில் எங்கும் நிறுத்தாமல் மேலுமலை ஏறினேன். முன்பு நின்ற அதே இடத்தில், ஓரம் ஒதுங்க மனதைத் தயாராக வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறில் அசையாமல் நின்றது. சூளகிரி வரை போய்த் திரும்பி வந்து, சாயங்காலம் அவரிடம் பணம் கொடுத்தேன்.