மார்கழிக் கோலத்தை வீடியோ எடுக்கிறீர்களா? புள்ளியைக் காட்டுங்கள்

மார்கழி வந்தால் என் போன் முழுக்கக் கோலம்தான். கை பறக்கிறது, பாட்டு ஓடுகிறது, பத்து விநாடியில் தாமரை வந்துவிடுகிறது. பார்க்க அழகு. ஆனால் அதைப் பார்த்து நம் வாசலில் போட முடிவதில்லை. எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா (ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று) ஊடுபுள்ளியா (இரண்டு புள்ளிக்கு இடையில் ஒன்று), எதில் நிறுத்த வேண்டும் என்று பலரும் சொல்வதே இல்லை. அம்மாவின் கோல நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் இருப்பது அந்தக் கணக்குதான்.

அதனால் முதல் மூன்று விநாடியைப் புள்ளிக்கே கொடுங்கள். வைத்து முடித்ததும் கையை விலக்கி, புள்ளிகளை மட்டும் காட்டுங்கள். ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-இல் நிறுத்தவும்’ என்று திரையில் எழுதுங்கள். நடு வரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-இல் நிற்கும் என்பதைப் புதியவர்களுக்காக விளக்கத்தில் சேருங்கள்.

சிக்குக் கோலத்துக்கு இன்னும் பொறுமை வேண்டும். இழை எங்கே தொடங்கி எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்பதுதான் அதில் பாடமே. அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டவே கூடாது. வண்ணப்பொடி தூவும்போது எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுங்கள். யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை போடலாம், அவசரமே இல்லை.

போனை ஸ்டூலில் சாய்த்து வைத்தால் தள்ளியிருக்கும் புள்ளிகள் நெருங்கித் தெரியும், எண்ண முடியாது. மாடி பால்கனிக் கம்பியில் இறுக்கிக் கட்டி, நேர் கீழே பார்க்கவிடுங்கள். தண்ணீர் தெளித்த தரை கறுப்பாக இருப்பதால் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; மாவு வெள்ளைத் திட்டாகிவிடும். திரையில் தெரியும் இழை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சம் மாறாமல் நிற்கும். அப்புறம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கில் எடுத்தால் கையின் நிழல் இழை மேல் விழும். விடிந்த பிறகு, வெயில் வாசலுக்கு வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். போடுகிறவரையே பேசச் சொல்லுங்கள்: “இங்க வளைச்சு, அடுத்த புள்ளிய விட்டுட்டு மேல போ.” கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடினால் குரலைத் தனியாகப் பதிந்து சேர்ப்பது நல்லது, அந்தப் பதிவை வெளியிட்ட இசை நிறுவனத்திடமிருந்து பதிப்புரிமைக் கோரிக்கை வரலாம்.

தலைப்பிலும் புள்ளிக் கணக்கை எழுதுங்கள். நாளைக்கு வாசலில் என்ன போடலாம் என்று ராத்திரி தேடுகிறவர்கள் ‘15 புள்ளி கோலம்’ என்றுதான் தட்டுகிறார்கள்.