முதல் ரோல்-பிளேயிங் கேம்: முறை வைத்து ஆடுவதாக இருக்கட்டும்

பழைய கணினி ரோல்-பிளேயிங் கேம்களை (கதையில் வரும் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் ஆட்டங்களை) முதன்முதலாகத் தொடுகிறவருக்கு 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட்டை நீட்டாதீர்கள். 1997-ன் ஃபால்அவுட்டைக் கொடுங்கள். அதில் சண்டை முறை வைத்து, நீங்கள் ஒரு தடவை எதிரி ஒரு தடவை என்று நடக்கும். தண்டையார்பேட்டையில் தண்ணி லாரி வந்து அம்மா கூப்பிட்டால் குடத்தோடு ஓடி, வரிசையில் நின்று திரும்பலாம். எதிரி அதுவரை அப்படியே நிற்பான். ஓட்டவேண்டியதும் ஒரே ஆளைத்தான். பால்டர்ஸ் கேட்டில் ஆறு பேர் வரை மேய்க்கவேண்டும், ஓடுகிற சண்டையை நடுநடுவே நிறுத்திக்கொண்டே. (ஃபால்அவுட் கதையும் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கான சிப்பைத் தேடுவதுதான், நம்ம ஏரியா கவலை!)

ஆங்கிலம் நிறைய வாசிக்கப் பொறுமை இல்லாதவருக்கு இது ஒத்துவராது. ரத்தமும் அதிகம், அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அப்புறம், சிப்பைக் கண்டுபிடிக்க ஆட்டக் கணக்கில் 150 நாள் கெடு. ஊர் சுற்றிக்கொண்டே இருந்தால் போச்சு.