பிரெய்ரி புல்வெளியில் வேட்டைக் காலம்: சவுத் டகோட்டாவில் கார் ஓட்டுவது முதல் ஃபெசன்ட் சுத்தம் செய்வது வரை

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் வேட்டை தொடங்கும். அந்த வார இறுதியில் மிட்செல், ஹியூரன், அபர்டீன் பக்கம் மோட்டல் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. நம் காட்டுக்கோழிக்கு ஃபெசன்ட் தூரத்துச் சொந்தம். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த இந்தப் பறவையை 1908-09இல் இங்கே ஸ்பிங்க் கவுண்டியில் விட்டார்கள், அது பெருகிவிட்டது. நீங்கள் வேட்டைக்குப் போனாலும் சரி, பாட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவைப் பார்க்கப் போனாலும் சரி, ஓட்டப்போவது ஒரே சாலையில்தான்.

1. முதலில் சூரியனைக் கணக்குப் போடுங்கள்

சூ ஃபால்ஸிலிருந்து ரேப்பிட் சிட்டிக்கு ஐ-90 நெடுஞ்சாலையில் சுமார் 350 மைல். வேக வரம்பு மணிக்கு 80 மைல் என்பதால் ஐந்து மணி நேரம் என்று மேப் காட்டும். சாப்பாடு, பெட்ரோல் சேர்த்தால் ஆறரை. மர்டோவுக்கும் கடோகாவுக்கும் நடுவில் நேர மண்டலம் மாறுவதால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். நேரம் மிச்சம் என்று மகிழ வேண்டாம், இருட்டு தன் கணக்கில்தான் வரும். அக்டோபர் நடுவில் மிட்செலில் ஏறக்குறைய 6.45க்கு அஸ்தமனம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் மாற்றியதும் அது 5.20 ஆகிவிடும். மான்கள் இணை தேடி அலையும் காலமும் அதே சமயத்தில் வருகிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் கார்களும் மான்களும் ஒரே அந்தியில் சாலைக்கு வருவது அதனால்தான்.

2. காரில் இருக்க வேண்டியவை

முழு அளவு ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பல புதுக் கார்களில் டயரில் ஊற்றும் பசை பாட்டில் மட்டும்தான் வருகிறது. கூர்மையான சரளை டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டால் பசை நிற்காது. கம்பளி, தண்ணீர், டார்ச், சின்ன மண்வெட்டி, உறைபனியிலும் உறையாத வைப்பர் திரவம் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். அக்டோபர்தானே என்ற அலட்சியம் வேண்டாம். 2013 அக்டோபர் முதல் வாரத்துப் பனிப்புயலில் மாநிலத்தின் மேற்கில் பல்லாயிரம் மாடுகள் செத்தன. குளிர்கால ரோமம் வளராமல், கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நின்றிருந்தவை அவை. கிளம்பும் முன் 511 என்ற சாலைத் தகவல் எண்ணுக்குப் போன் போட்டுச் சாலை நிலவரம் கேளுங்கள்.

3. எங்கே நிற்கிறோம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் அவசரத்துக்கு இதுதான் உதவும். கிராமப்புறச் சாலைகள் ஒரு மைலுக்கு ஒன்றாகச் சதுரங்கக் கட்டம் போல ஓடுகின்றன. வடக்கு தெற்காகப் போவது அவென்யூ, அதன் எண் மேற்கிலிருந்து கிழக்கே ஏறும். கிழக்கு மேற்காகப் போவது ஸ்ட்ரீட், அதன் எண் வடக்கிலிருந்து தெற்கே ஏறும். 410ஆவது அவென்யூவிலிருந்து 415ஆவது அவென்யூ என்றால் ஐந்து மைல். 911 என்ற அவசர உதவி எண்ணில் பேசும்போது, “410ஆவது அவென்யூவும் 258ஆவது ஸ்ட்ரீட்டும் சேரும் இடத்திலிருந்து அரை மைல் வடக்கே” என்றால் வண்டி நேரே வந்துவிடும். “சோளக்கொல்லை பக்கத்தில்” என்றால் யாராலும் வர முடியாது. ஒவ்வொரு முனையிலும் பச்சைப் பலகை இருக்கும், கடக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிடுங்கள்.

4. சரளைச் சாலை

மணிக்கு 40 மைல் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். ஓரத்தில் குவிந்திருக்கும் தளர்ந்த சரளையில் ஒரு சக்கரம் ஏறினாலும் கார் அந்தப் பக்கமே இழுக்கும். அப்போது பிரேக் போட்டாலோ ஸ்டீயரிங்கைச் சட்டென்று வெட்டினாலோ பள்ளத்தில்தான் முடியும். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மெதுவாக நடுத்தடத்துக்குத் திரும்புங்கள். மேட்டின் உச்சியில் மட்டும் கண்டிப்பாக வலப்பக்கம். எதிரே அறுவடை இயந்திரம் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரலாம்.

‘குறைந்த பராமரிப்புச் சாலை’ என்று பலகை இருந்தால் மழைக்குப் பின் அந்தப் பக்கமே போகாதீர்கள். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே மண் பிசின் மாதிரி. சக்கரத்தில் அப்பி, மட்கார்டு வரை நிறைந்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும்.

காய்ந்த உயரமான புல்லின் மேல் காரை நிறுத்தாதீர்கள். சைலன்சர் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும், காற்று அடித்தால் கொல்லையே போய்விடும்.

5. மான் குறுக்கே வந்தால்

பிரேக்கை முழுக்க மிதியுங்கள், ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். மானைத் தவிர்க்க வெட்டித் திருப்பி உருண்ட கார்களில்தான் உயிர்கள் போகின்றன. முதல் மான் கடந்ததும் வேகம் எடுக்காதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரும்.

6. நடக்க இறங்கினால்

பளிச்சென்ற ஆரஞ்சுத் தொப்பியும் மேல்சட்டையும் போடுங்கள். சிறு பறவை வேட்டைக்கு இங்கே சட்டம் அதைக் கேட்பதில்லை, ஆனால் சாலையோரத்திலேயே சுடலாம் என்ற மாநிலம் இது. ஃபெசன்ட் சுடும் நேரம் மத்திய நேரப்படி (மாநிலத்தின் கிழக்குப் பகுதி நேரம்) காலை 10 முதல் அஸ்தமனம் வரை. காலை நடையை அதற்கு முன்பே முடித்துவிடலாம். தனியார் நிலத்தில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

7. பறவை கைக்கு வந்தபின்

ஒருவருக்கு நாளுக்கு மூன்று, அதுவும் சேவல் மட்டும். சேவல்தான் என்று காட்ட, கொண்டுபோகும்போது தலை, இறகோடு ஒரு சிறகு, ஒரு கால் ஆகியவற்றில் ஒன்றாவது உடலோடு இருக்க வேண்டும். காலை விட்டுவைப்பதுதான் வசதி.

சூடு ஆறும் முன் டிக்கியில் குவித்தால் இறைச்சி கெடும். நிழலில் தனித்தனியாகப் பரப்புங்கள். சிறகுகளை மூட்டில் வெட்டுங்கள். மார்புத் தோலைக் கிள்ளிக் கிழித்தால் சட்டை கழற்றுவது போல வந்துவிடும். கழுத்தடியில் தீனிப்பை இருக்கும், கிழிந்தால் முழுச் சோளமணிகள் கொட்டும். மார்பெலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி, இரண்டு விரல் விட்டு உள்ளுறுப்புகளை இழுத்தெடுங்கள். குடலில் குண்டு பட்டிருந்தால் பச்சைக் கறை பிடித்த சதையை வெட்டி எறியுங்கள்.

ஊதா நிறத்தில் கன்றிய இடமெல்லாம் குண்டு போன வழி. விரலால் தடவினால் உள்ளே இழுபட்ட இறகும் அதன் முனையில் இரும்புக் குண்டும் அகப்படும். விட்டுவிட்டால் பல் உடையும். உருகிய ஐஸ் தண்ணீரில் இறைச்சி ஊறக் கூடாது, பையில் கட்டி ஐஸ் மேல் வையுங்கள்.

தோலும் கொழுப்பும் இல்லாத மார்புக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். கெட்டி மசாலாவில் சின்னத் துண்டுகளாக எட்டுப் பத்து நிமிடம் போதும். கால்கறியில் குச்சி மாதிரி விறைத்த நரம்புகள் நிறைய, குக்கரில்தான் வேக வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு, விட்டுவைத்த காலின் முள்ளைப் பாருங்கள். குட்டையாக மழுங்கியிருந்தால் இந்த வருடத்துக் குஞ்சு, இருபது நிமிடம். நீண்டு கூராக வளைந்திருந்தால் கிழட்டுச் சேவல், முக்கால் மணி நேரம் வையுங்கள்.