கடைசி கால போதனையைப் பயமில்லாமல் வாசிப்பது எப்படி?

கடைசி காலம், அதாவது இயேசுவின் வருகை, நியாயத்தீர்ப்பு என்றதும் பலர் நேராக பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து, முத்திரை, எக்காளம், 666 என்று போய், பயந்துபோய் மூடி வைத்துவிடுகிறார்கள். அங்கே தொடங்காதீர்கள். முதலில் 1 தெசலோனிக்கேயரை, அதாவது அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தை (கடிதத்தை) எடுங்கள். ஐந்தே அதிகாரம்தான், கி.பி. 50 வாக்கில் எழுதப்பட்டது, நம் கையில் இருக்கும் கிறிஸ்தவ எழுத்துக்களிலேயே மிகப் பழையது இதுவாக இருக்கலாம். ஒரே மூச்சில், வாய்விட்டு வாசியுங்கள், ஏனென்றால் அது சபை கூடியிருக்கும்போது எல்லாருக்கும் வாசித்துக் காட்டத்தான் அனுப்பப்பட்டது.

வாசிக்கும்போது யாருக்கு, எந்த நிலைமையில் எழுதினார் என்பதை மனதில் வையுங்கள். தெசலோனிக்கே ஒரு துறைமுகப் பட்டணம், ரோமர்களின் பெரிய சாலை அதன் வழியாகப் போனது. அங்கே கலகம் எழும்பி பவுல் ராவோடு ராவாக வெளியேற வேண்டி வந்தது. அவர் அனுப்பிய உடன் ஊழியர் தீமோத்தேயு திரும்பி வந்து அவர்களுடைய நிலைமையைச் சொன்ன பிறகுதான் இந்த நிருபம் போகிறது. அந்தச் சின்னச் சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். 'ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தோமே, அதற்குள் போனவர்கள் கதி என்ன?' என்பதுதான் அவர்களுடைய கவலை. வருகையைப் பற்றி பவுல் 4-ம் அதிகாரத்தில் சொல்வதெல்லாம், தங்கள் மனுஷரைப் புதைத்துவிட்டு நிற்கிறவர்களுக்குச் சொன்ன ஆறுதல். அந்தப் பகுதி முடிகிற இடத்தைப் பாருங்கள்: ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்கிறார். 5-ம் அதிகாரத்தில் திருடன் இரவில் வருவதுபோல அந்த நாள் வரும் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தேற்றச் சொல்லித்தான் அந்தப் பேச்சை முடிக்கிறார். ஆக, எந்தக் கடைசி காலப் பிரசங்கத்தைக் கேட்டாலும் இதைக் கவனியுங்கள்: கேட்டு முடித்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றுகிறதா, இல்லை நடுக்கம் மட்டும்தான் மிச்சமா? நடுக்கம் மட்டும்தான் என்றால் அது பவுல் சொன்ன மாதிரி சொல்லப்படவில்லை.

அடுத்து, தேதி. யாராவது வருஷம் குறித்துச் சொன்னால், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, மேடையில் சொன்னாலும் சரி, அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். இது புது வியாதி இல்லை. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஹிப்போலித்து என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கருங்கடல் ஓரத்துப் பொந்து நாட்டில் இருந்த ஒரு சபைத் தலைவரைப் பற்றி எழுதியிருக்கிறார். பக்தியுள்ள மனிதர்தான், ஆனால் வேதத்தை விட்டுத் தன் கனவுகளை நம்பி, இன்னும் ஒரு வருஷத்தில் நியாயத்தீர்ப்பு என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் இரவும் பகலும் அழுது ஜெபித்தார்கள், நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள், பலர் இருந்ததையெல்லாம் விற்றார்கள். வருஷம் கடந்தது, ஒன்றும் நடக்கவில்லை, விற்றவர்கள் பிச்சை எடுத்தார்கள். நடக்காவிட்டால் வேதத்தையே நம்ப வேண்டாம் என்றும் அவர் சொல்லி வைத்திருந்தார், அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. போனது சொத்து மட்டும் இல்லை பாருங்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண் என்று வரும் 666-க்கும் இதே நிதானம் வேண்டும். லியோன் பட்டணத்து பிஷப் இரேனேயு, சுமார் கி.பி. 180-ல், அந்த எண்ணுக்குப் பொருந்தும் இரண்டு மூன்று பெயர்களைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், அந்தப் பெயர் இப்போதே தெரிய வேண்டியதாக இருந்தால் தரிசனத்தைக் கண்டவரே சொல்லியிருப்பாரே என்று நிறுத்திக்கொண்டார். நீங்களும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது? முதலில், செய்கிற வேலையை விடாதீர்கள். சொந்தக் கையால் வேலை செய்யுங்கள் என்று முதல் நிருபத்திலேயே இருக்கிறது. இரண்டாம் நிருபத்தில், கர்த்தருடைய நாள் வந்துவிட்டதாக யார் சொன்னாலும், எங்கள் பெயரில் கடிதமே வந்தாலும் கலங்காதீர்கள் என்றும், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்றும் இன்னும் கறாராக வருகிறது. மனதில்லாதவன் என்றுதான் இருக்கிறது. வேலை கிடைக்காதவரையோ முடியாதவரையோ குத்த இந்த வசனத்தை எடுக்காதீர்கள். பிள்ளையின் படிப்பு, கல்யாணம், வாங்கிய கடன் எதையும் 'வருகை சமீபம்' என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

இதெல்லாம் பழகிய பிறகு 1 கொரிந்தியர் 15-க்குப் போங்கள். உயிர்த்தெழுதலைப் பற்றிய அந்த நீண்ட அதிகாரம் கடைசி எக்காளம் வரை ஏறிப்போய், கர்த்தருக்குள் நீங்கள் படும் பாடு வீணாகாது என்று முடிகிறது. அங்கே மூடிவிடாமல் 16-ம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். எக்காளம் தொனித்த கையோடு பவுல் காணிக்கைப் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்: எருசலேமில் இருக்கிறவர்களுக்காக, வாரத்தின் முதல் நாள்தோறும், ஒவ்வொருவரும் தன் வரவுக்குத் தக்கபடி தனியாக எடுத்து வையுங்கள் என்று. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு டப்பாவை எடுத்து, உங்கள் தெருவில் கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்தை நினைத்து அதில் போட ஆரம்பியுங்கள்.