வாடிய பூவைக் கிள்ளுங்கள்: இளவேனில் கடைசியிலும் தோட்டம் பூக்க

இளவேனில் தொடக்கத்தில் எந்தத் தோட்டமும் பூத்துத் தள்ளும். கடைசி வாரங்களில்தான் சோதனை. ரோஜாவில் பழுப்பேறிய பூக்கள் தொங்கும், செண்டுமல்லி சோர்ந்து நிற்கும், புது மொட்டைக் காணோம். உடனே பலரும் உரப்பையைத் தேடுவார்கள். உரம் அப்புறம் இருக்கட்டும், முதலில் கத்தரியை எடுங்கள்.

செடி பூப்பதே விதை வைக்கத்தான். பூ வாடி அதன் அடியில் விதை முற்றத் தொடங்கியதும் சத்தெல்லாம் அங்கே போய்விடும். ஒரே பருவத்தில் வாழ்ந்து முடிக்கும் செண்டுமல்லி, ஜினியா, பெட்டூனியா போன்றவை அதோடு வேலை முடிந்தது என்று ஓய ஆரம்பிக்கும். விதை பிடிக்குமுன் வாடிய பூவை எடுத்துவிட்டால் மறுபடி மொட்டு வைக்கும்.

படி 1: எதைத் தொடக் கூடாது?

செம்பருத்தியும் டேபிள் ரோஸும் வாடிய பூவைத் தாமே உதிர்த்துவிடும். அவற்றில் நமக்கு வேலையில்லை. பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவில் பூக்கொத்தை மட்டும் எடுக்கலாம். அழகுக்காகக் கிளையைத் தாழ வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூ போய்விடும், ஏனென்றால் அது பெரும்பாலும் பழைய கிளையில்தான் பூக்கும்.

படி 2: கத்தரி

கூராக இருக்க வேண்டும். மொக்கைக் கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் நுழையும். நோய் தாக்கிய செடியை வெட்டினால், அடுத்த செடிக்குப் போகுமுன் அலகை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். மென்மையான தண்டுகளுக்கு விரல் நகமே போதும்.

படி 3: எங்கே வெட்டுவது?

பாதிப் பேர் தவறுவது இங்கேதான்.

ரோஜாவில் பூவுக்குக் கீழே தண்டோடு பார்வையை இறக்குங்கள். முதலில் வரும் இலைகளில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். அங்கே வெட்டினால் கிளம்பும் தளிர் ஒல்லியாக வந்து, பூவின் பாரம் தாங்காமல் தலைசாயும். இன்னும் இறங்கி, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலையைத் தேடுங்கள். அதன் கணுவில் சிவந்த சின்னப் புள்ளியாக ஒரு மொக்கு தெரியும். அது செடியின் வெளிப்பக்கம் பார்த்து இருந்தால் அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே சற்றே சாய்வாக வெட்டுங்கள். உள்பக்கம் பார்த்தால் அடுத்த இலைக்கு இறங்குங்கள். இல்லாவிட்டால் செடி நடுவில் அடைந்து, காற்றோட்டம் குறைந்து, கரும்புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கும். அடுத்த பூ வர ஏறக்குறைய ஆறேழு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். நட்டு ஓர் ஆண்டு ஆகாத ரோஜாவில் பூவை மட்டும் கிள்ளினால் போதும். இலையை இழக்கும் வசதி அதற்கு இன்னும் வரவில்லை.

பெட்டூனியாவில் வாடிய இதழ் தொட்டாலே கையோடு வந்துவிடும், வேலை முடிந்த மாதிரி தோன்றும். ஆனால் பச்சைக் குப்பி போன்ற அடிப்பகுதி செடியிலேயே நிற்கும். விதை உருவாவது அதற்குள்தான். அதற்கும் கீழே காம்போடு கிள்ளுங்கள்.

டாலியாவில் வாடிய பூவும் மொட்டும் ஒன்றுபோலவே தெரியும். உருண்டையாக, கெட்டியாக இருந்தால் மொட்டு. கூம்பாக நீண்டு, அழுத்தினால் ஈரமாக நசுங்கினால் முடிந்துபோன பூ.

ஜினியாவை எதிரெதிரான இரண்டு இலைகளுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பக்கக் கிளைகளை அடக்கி வைத்திருந்த நுனி போனதும் இரண்டு பக்கமும் தளிர் கிளம்பும். மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும் என்பதால், ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை இரண்டு கணு அளவு வெட்டிவிடுங்கள்.

படி 4: தண்ணீரும் உரமும்

காலையில், இலையை நனைக்காமல், வேரடியில் ஊற்றுங்கள். விரலை மண்ணில் மூன்று சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தண்டை ஒட்டாமல் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு போட்டால் வெயில் ஏறும்போது மண் சீக்கிரம் காயாது.

தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் இப்போது வேண்டாம், செடி கொழுகொழுவென்று இலைதான் விடும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்தை ஈர மண்ணில் மட்டும் போடுங்கள்.

மொட்டு நுனியில் எறும்பு சாரை சாரையாகப் போனால் அங்கே சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். எறும்பு வருவது அசுவினி சுரக்கும் இனிப்புக்காக. மருந்துக்கு முன் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

படி 5: கிள்ளுவதை எப்போது நிறுத்துவது?

விதை வேண்டுமென்றால் மட்டும். பருவம் முடியும் தறுவாயில் ஒவ்வொரு வகையிலும் நல்ல பூவாக இரண்டு மூன்றைச் செடியிலேயே விடுங்கள். பழுப்பாகி நன்றாகக் காய்ந்தபின் பறித்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு வையுங்கள். கலப்பின ரகத்தின் விதை தாய்ச்செடி மாதிரியே பூக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.