சீன மரபு மேலாடையைத் தைக்கும் முறை
கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலை மேடைகளுக்குச் சீன உடை தைப்பவர்கள், கதை எக்காலத்தது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். 1644இல் வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சு இனத்தவர் பீஜிங்கைக் கைப்பற்றுமுன் நிலவிய, சீனப் பெரும்பான்மை இனத்தவரான ஹான் மக்களின் மரபுக்கும், 1920களில் ஷாங்காயில் பரவிய சிபாவோ எனும் நீள் அங்கிக்கும் வெட்டே வேறு. ஹான் மேலாடைக்கு, முதுகின் நடுவே தையல் வருமாறு இரு துண்டுகளை எடுத்து, தோளில் வெட்டாமல் மடித்து, முன்னும் பின்னும் ஒரே துணியாக அமைக்கவும். கை நீள வேண்டுமாயின் தனித்துண்டை நேர்கோட்டில் இணைக்கலாம்.

குறுக்காகச் செல்லும் கழுத்துப் பட்டியில், அணிபவரின் இடது முன்பக்கம் வலதின் மேல் படிய வேண்டும். இதில் மட்டும் தவறவே கூடாது. மாறிப் படிவது இறந்தவருக்கு உடுத்தும் முறையாகக் கருதப்பட்டது. தெறி வேண்டாம்; விலாப்புறத்தில் நாடாவால் கட்டவும். வன்னி வெயிலுக்குப் பட்டுத் துணியைவிட மெல்லிய பருத்தியே உகந்தது என்பேன். சீனாவில் பருத்தி யுவான், மிங் அரச வம்சங்களின் காலங்களில் பரவும்வரை எளிய மக்கள் சணல் நார்த்துணியையே பெரிதும் உடுத்தினர்.