ஸ்ப்ரிங்கும் கட்டையும் வைத்து நிலநடுக்கம்: எங்கெங்கே சறுக்குகிறோம்

ஒரு கட்டை, அதை இழுக்க ஒரு ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங்கின் மறுமுனை மிக மெதுவாக, ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. உராய்வு பிடித்திருக்கும் வரை கட்டை அசையாது. இழுவிசை எல்லை தாண்டியதும் சட்டென்று வழுக்கி, மறுபடி நின்றுவிடும். நிலநடுக்கத்துக்கு இதைவிட எளிய மாதிரி இல்லை. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட் சொன்னதன் சாரமும் இதுதான்: பாறை மெதுவாக வளைந்து சக்தியைச் சேர்த்துவைக்கிறது, பிளவு வழுக்கும்போது ஒரே மூச்சில் விட்டுவிடுகிறது. 1967-இல் பரிட்ஜ், நாபாஃப் இருவரும் பல கட்டைகளை ஸ்ப்ரிங்குகளால் வரிசையாகக் கோத்து, ஆய்வகத்திலும் கணினியிலும் ஓட்டிப் பார்த்தார்கள்.

இன்று அதையே பைத்தானில் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். நிரல் ஓடும், நிலநடுக்கம் போலவே ஏறி இறங்கும் படமும் வரும். அந்தப் படத்தில் எது பாறையின் குணம், எது நிரலின் குணம் என்று பிரித்துப் பார்க்காததில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

பல பேர் நேரே நூறு கட்டைகளுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் ஒரே கட்டையை ஓட்டுங்கள், ஏனென்றால் அதற்கு மட்டும் விடை கையாலேயே கிடைக்கும். நிலை உராய்வு விசையிலிருந்து இயக்க உராய்வு விசையைக் கழித்து, இரண்டால் பெருக்கி, ஸ்ப்ரிங்கின் விறைப்பால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் கட்டை வழுக்கும் தூரம் வந்துவிடும். வழுக்கல் நீடிக்கும் நேரம், நிறையை விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, π (பை) என்ற எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். அடுத்த வழுக்கல்வரை உள்ள இடைவெளி, வழுக்கிய தூரத்தை இழுக்கும் வேகத்தால் வகுத்த அளவு. இந்த மூன்றும் ஒத்துவராத நிரலில் நூறாவது கட்டையைச் சேர்ப்பது வீண்வேலை.

ஒத்துவராததற்கு அடிக்கடி காரணம் உராய்வை எழுதும் விதம். 'வேகத்தின் எதிர்த்திசையில் இவ்வளவு விசை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், வேகம் பூஜ்யத்தை நெருங்கும்போது உராய்வு ஒவ்வொரு படிக்கும் திசை மாறும், கட்டை நின்ற இடத்திலேயே நடுங்கும். அதைச் சின்னச் சின்ன நிலநடுக்கம் என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது! வேகம் குறி மாறும் கணத்திலேயே அதைப் பூஜ்யமாக்கி, கட்டையை 'ஒட்டிய நிலை'க்கு மாற்றிவிட வேண்டும். ஸ்ப்ரிங் விசை மறுபடி நிலை உராய்வைத் தாண்டும்வரை அதைத் தொடக்கூடாது.

அப்புறம் நேரப்படி, அதாவது நிரல் ஒவ்வொரு தாவலிலும் நேரத்தை எவ்வளவு முன்னே நகர்த்துகிறது என்பது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் நடுப்பகுதியில் தட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நகர்கின்றன. நிலநடுக்கத்தின்போது பிளவு வழுக்கும் வேகமோ வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறு கோடி மடங்கு. ஒரே நேரப்படியை வைத்துக்கொண்டு இரண்டையும் கணக்கிட முடியாது. படி பெரிதானால் வழுக்கல் முழுவதும் ஒரே தாவலில் போய்விடும், சிறிதானால் நிரல் முடியவே முடியாது. இந்த இக்கட்டில் இழுக்கும் வேகத்தைக் கூட்டிவிடுவது பலரும் செய்யும் குறுக்குவழி. அப்படிச் செய்தால் ஒரு வழுக்கல் முடிவதற்குள் அடுத்ததற்கான விசை சேர்ந்துவிடும், நிகழ்வுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். உண்மையில் கட்டைகள் ஒட்டியிருக்கும் காலத்தைப் படிப்படியாகக் கணக்கிடத் தேவையே இல்லை. விசை நேர்கோட்டில்தான் ஏறுகிறது. எந்தக் கட்டை எப்போது எல்லையைத் தொடும் என்று வகுத்துப் பார்த்து, நேராக அந்தக் கணத்துக்குத் தாவிவிடலாம். நுண்ணிய படி வழுக்கும்போது மட்டும் போதும்.

சரி, பல கட்டைகளுக்கு வருவோம். எல்லாக் கட்டைகளையும் ஒரே நிலையில் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே உராய்வு கொடுத்து, ஓரங்களையும் வட்டமாக இணைத்துவிட்டால் அவை சேர்ந்தே நகரும். இடையிலுள்ள ஸ்ப்ரிங்குகள் நீளவே நீளாது, நூறு கட்டை இருந்தும் ஓடுவது ஒரே கட்டையின் கதைதான். தொடக்கத்தில் கொஞ்சம் ஒழுங்கின்மை வேண்டும். அந்த ஒழுங்கின்மையின் தடம் முடிவில் தெரியாதபடி, ஓட்டத்தின் முன்பகுதியைத் தள்ளிவிடவும் வேண்டும்.

இதைவிட நுட்பமான பொறி கட்டையின் அளவில் இருக்கிறது. கட்டைகளாக வெட்டிக்கொண்டது நம் வசதிக்காக, பாறை அப்படித் துண்டுகளாக இல்லை. 1993-இல் ஜேம்ஸ் ரைஸ் இதைத் தெளிவாகக் காட்டினார். பெரிய துண்டுகளாக வெட்டிக் கணக்கிட்டபோது சிறியதும் பெரியதுமாகப் பலவித நிலநடுக்கங்கள் வந்தன. உராய்வு விதி கேட்கும் அளவுக்குத் துண்டுகளைச் சிறிதாக்கியதும் அந்தப் பன்மை மறைந்து, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் பெரிய நிகழ்வுகளே மிஞ்சின. வழுக்கல் தொடங்கியதும் உராய்வு ஒரே அடியாக விழும் என்று எழுதினால், எவ்வளவு சிறிய துண்டு போதும் என்பதற்கு எல்லையே கிடையாது. 1979-இல் டீட்டெரிக்கும் 1983-இல் ருய்னாவும் வகுத்த உராய்வு விதியில், உராய்வு மாறுவதற்கு ஒரு குறிப்பிட்ட வழுக்கு தூரம் தேவைப்படும். அதிலிருந்துதான் துண்டின் அளவுக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. அந்த விதியைப் பயன்படுத்தாவிட்டாலும், துண்டின் அளவைப் பாதியாக்கி, மற்ற அளவுகளையும் அதற்கேற்ப மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால், அதுவரை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் கட்டங்களை.

புள்ளிவிவரத்தில் வரும் குழப்பம் வேறு வகை. எத்தனை கட்டைகள் நகர்ந்தன என்பதையே நிலநடுக்கத்தின் 'அளவு' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரிக்டர் முதல் இன்றைய கணக்குவரை நிலநடுக்க அளவு மடக்கை அடிப்படையில் வருவது. ஒரு அளவு கூடினால் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். திருப்புத்திறன் எனப்படுவது பாறையின் விறைப்பு, வழுக்கிய பரப்பு, வழுக்கிய தூரம் மூன்றின் பெருக்கல். அதன் மடக்கையை மூன்றில் இரண்டால் பெருக்கித்தான் அளவுக்கு வர வேண்டும். உலகப் பட்டியல்களில் அளவு ஒன்று கூடினால் நிகழ்வுகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன, இது குட்டன்பர்க்-ரிக்டர் விதி. அந்த எண்ணிக்கையின் மடக்கையைத் திருப்புத்திறனின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் சரிவு ஒன்று அல்ல, மூன்றில் இரண்டு. இது தெரியாமல், சரிவு ஒன்றாகும்வரை எண்களைத் திருகி, கடைசியில் பொருந்திவிட்டது என்று மகிழ்கிறவர்களும் உண்டு.

அந்தத் திருகலும் கவனிக்க வேண்டியதே. 1992-இல் ஓலாமி, ஃபெடர், கிறிஸ்டென்சன் மூவரும் கொடுத்த மாதிரியில், நழுவும் கட்டம் (அங்கே கட்டைக்குப் பதில் சதுரக் கட்டம்) தன் விசையில் எவ்வளவு பங்கை ஒவ்வோர் அண்டைக் கட்டத்துக்கும் கொடுக்கிறது என்பது ஒரு எண். அதிகபட்சம் 0.25. அதை 0.2 அளவில் வைத்தால் பூமியை ஒத்த சரிவு கிடைக்கிறது, மாற்றினால் சரிவும் மாறுகிறது. நாமே பொருத்திவைத்த ஒன்றை மாதிரியின் வெற்றிக்குச் சான்றாகக் காட்ட முடியாது. திருகாத வேறொன்றை, உதாரணமாகப் பின்னதிர்வுகள் நாளாக நாளாகக் குறையும் விதத்தை, அது சரியாகத் தருகிறதா என்று பார்ப்பதே சோதனை. பரிட்ஜும் நாபாஃபும் பின்னதிர்வுகளை வரவழைக்கத் தங்கள் கணினி மாதிரியில் பாகுத்தன்மையைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒரே கட்டை கடிகாரம் போல ஓடும் என்பதால், அடுத்த நிலநடுக்கத்தின் தேதியைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே அளவிலான நிலநடுக்கங்கள் வந்தன. சராசரி இடைவெளி 22 ஆண்டு. அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று கணித்து, பிளவைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-இல், 38 ஆண்டு கழித்து. 1934-இல் வந்தது வெறும் 12 ஆண்டு இடைவெளியில் என்பதையும் மறக்கக்கூடாது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சமமில்லாத உராய்வோடு இரண்டே கட்டைகளை இணைத்தாலே ஓட்டம் ஒழுங்கற்றுப் போகக்கூடும் என்று 1990-இல் ஹுவாங்கும் டர்காட்டும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஓட்டத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள். தொடக்க நிலையைக் கொஞ்சம் மாற்றிப் பலமுறை ஓட்டி, இடைவெளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டுங்கள்.

கட்டை வழுக்கும் வேகத்தை எடுத்து, கட்டடத்தை ஆட்டும் கணக்கில் நேரடியாகப் போடுவதும் நடக்கிறது. இந்த மாதிரியில் நிலநடுக்க அலையே இல்லை. அலை பாறை வழியாகப் போகும்போது எவ்வளவு தேய்கிறது, இளகிய மண்ணில் எவ்வளவு பெருகுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கட்டடத்துக்கு வேண்டியது நிலத்தின் முடுக்கப் பதிவு. 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கத்தின் பதிவு போல உண்மையான பதிவுகள் கிடைக்கும்போது, அவற்றை எடுத்துக்கொள்வதே சரி.